அட்டையில் நம்ம வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபார அலுவலகத்தின் மாடியில், பதினோரு புத்தகங்கள் திரும்பி வந்தன.

எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரே நாவலின் பதினோரு பிரதிகள். முட்டை அனுப்புகிற அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து வாசலோரமாக வைத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் புத்தகத்தை அதில் போட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி.

பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்துப் புரட்டினேன். நான்கு பிரதிகளில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அச்சகத்து வாசனை மாறாமல் இருந்தன. அவற்றை யாரும் திறக்கவே இல்லை. படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அது விமர்சனம். படிக்காமலே மனசு புண்பட்டால்... அதற்கு என்ன பெயர்?

ஒரு வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் புத்தக கிளப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்காக மறுபடியும்: மொத்தம் பதினாலு பேர். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தி தலைவர். அவருடைய அலுவலகத்து மாடிதான் கூடும் இடம். லாரிக்கு பாடி கட்டும் லோகநாதன், ஒரு வக்கீல், ஒரு வங்கி அதிகாரி, இரண்டு டீச்சர்கள், சேலத்திலிருந்து பஸ் ஏறி வருகிற நர்ஸ் சகாயமேரி... இப்படிப் போகும் பட்டியல். மாதம் ஒரு புத்தகம்.

புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது? முறை வைத்து வரும். முறைக்காரர் புத்தகத்தைக் கொண்டு வந்து, அதில் தனக்குப் பிடித்த மூன்று பக்கங்களை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதானால் அந்த மூன்று பக்கம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் பேச்சில்லை. பதினாலு பிரதி வாங்கிவிடுவோம். எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் இதுவரை யாரும் மீறியதில்லை.

இந்த வருஷம் தென்னிந்திய இலக்கியம் என்று முடிவானது. யோசனை சொன்னவர் ஈஸ்வரமூர்த்தியேதான். "எத்தனை நாளைக்குங்க நம்ம கதையவே படிக்கறது? சுத்தியும் இருக்கறவங்க என்ன எழுதறாங்கன்னு பாக்கோணுமில்லீங்க?" என்றார். நல்ல யோசனை. நானும் கை தட்டினேன். தெற்கு என்றால் திருநெல்வேலிப் பக்கமா என்று வங்கி அதிகாரி கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்ல ஒரு டீ நேரம் ஆனது.

முதல் மாதம் ஒரு மலையாள நாவலின் மொழிபெயர்ப்பு. தேயிலை எஸ்டேட் முதலாளி, கொழுந்து பறிக்கும் பெண்ணை எல்லோர் முன்னாலும் அறைகிறான். லோகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து ஒரு கன்னட நாவல். பண்ணையார் ஒருவர், ஊர்க் கிணற்றைத் தன் வேலிக்குள் வளைத்துக்கொள்கிறார். "எப்பேர்ப்பட்ட அக்கிரமமுங்க! மனுசனாங்க அவனெல்லாம்?" என்று ஈஸ்வரமூர்த்தி கால் மணி நேரம் பேசினார். உண்மையான கோபம். பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

அந்தக் கன்னட நாவலைப் பேசிய அன்றுதான் இன்னொன்றும் நடந்தது. ஒரு டீச்சர், நாவலில் வரும் ஊர்ப்பெயர் ஒன்றை வாய்க்குள் உருட்டிக்கொண்டு தடுமாறினார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னது. "அந்த ஊருச் சுத்துவட்டாரத்துல நாப்பது போர் போட்டிருக்கறேனுங்க."

சின்னுசாமி. பரமத்தி ரோட்டில் கம்ப்ரஷர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ரிக் வண்டியில் ஆபரேட்டர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ஆந்திரா, கர்நாடகா என்று ஊர் ஊராகப் போனவர். தெலுங்கும் கன்னடமும் பேசுவார். கிளப்பில் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவராகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. டீச்சர் மேலே தொடர்ந்தார். தென்னிந்தியாவைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வாங்குகிற பதினாலு பேரில், அங்கேயே இருபத்திரண்டு வருஷம் தின்று தூங்கி எழுந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வி... ஒரே ஒரு கேள்வி... யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

போன மாதம் சின்னுசாமியின் முறை. முதல் முறை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். கையில் ஒரு தெலுங்கு நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு. சேலம் புத்தகக் கண்காட்சியில் வாங்கினாராம். பெயரைச் சொல்லி அதற்கு இன்னொரு பஞ்சாயத்தைக் கூட்ட எனக்கு விருப்பமில்லை.

அட்டையில் என்ன படம் என்று மட்டும் சொல்கிறேன். காய்ந்த நிலக்கடலைக் காடு. நடுவில் கம்பத்தை நிமிர்த்தி நிற்கும் ஒரு ரிக் வண்டி. நம்பர் பிளேட்டில் முதல் நாலு எழுத்து தெளிவாகத் தெரிகிறது: டிஎன் 34. திருச்செங்கோட்டு வண்டி!

லோகநாதன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அட சாமி! நம்ம வண்டியப் போட்டிருக்கறான் பாருங்க! தெலுங்குக்காரன் புத்தகத்துல நம்ம வண்டி!"

புத்தகம் கை மாறிக் கை மாறிப் போனது. வக்கீல் போட்டோ எடுத்து உடனே யாருக்கோ அனுப்பினார். ஈஸ்வரமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய மச்சானுக்கு மூன்று ரிக் வண்டி ஓடுகிறது. "நம்மாளுங்க போகாத ஊருங்களா? பாலைவனத்துலயும் தண்ணி எடுத்துக் குடுத்தவன் நம்மூட்டுக்காரன்!"

சின்னுசாமி புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடையாளச் சீட்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். "மூணு பக்கம் படிச்சறட்டுங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்ணா? அட்டையப் பாத்தாலே தெரியலீங்களா? பதினாலு காப்பி சொல்லிரலாம்!" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

எல்லோரும் கை தட்டினார்கள். சின்னுசாமி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு சீட்டை அதே பக்கத்தில் வைத்து மூடிவிட்டு உட்கார்ந்தார். வண்டியைப் பார்த்தே அதன் பாடியை எந்தப் பட்டறையில் கட்டியது என்று சொல்கிற ஊர் இது. உள்ளே என்ன ஏற்றியிருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப் குழுவில் முதல் வெடி. வைத்தவர் வக்கீல். "61ஆம் பக்கம் பார்த்தீர்களா?" அவ்வளவுதான். அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் நாற்பத்தேழு செய்திகள். கோப முகங்கள் தனி.

அறுபத்தோராம் பக்கத்திலிருந்து அறுபத்துமூன்று வரை என்ன இருக்கிறது?

மழை பொய்த்த ஊர். ஒரு விவசாயி, தமிழ்நாட்டிலிருந்து வந்த ரிக் வண்டியைத் தன் நிலத்துக்குக் கூப்பிடுகிறார். கூலி, அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. நானூறு அடியிலேயே மேலே வரும் தூசியின் நிறத்தைப் பார்த்து ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடுகிறது, கீழே தண்ணீர் இல்லை என்று. அவர் நிறுத்தவில்லை. தொள்ளாயிரம் அடி வரைக்கும் போகிறார். வண்டிக்காரர்களுக்கு நிலத்துக்காரர் வீட்டில்தான் சாப்பாடு. அது வழக்கம். அந்த வீட்டம்மா இருந்த ஒரே முட்டைக்கோழியை அடித்துக் குழம்பு வைக்கிறாள். அவர்கள் சாப்பிடுகிறார்கள், கை கழுவுகிறார்கள். இரண்டாவது முறை பரிமாற அந்த அம்மா சட்டியோடு வெளியே வரும்போது, வண்டியைத் தரையில் ஊன்றி நிறுத்தியிருந்த ஜாக்கிகள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. ஜாக்கியைத் தூக்கினால் வண்டி கிளம்பப் போகிறது என்று அர்த்தம். தண்ணீர் இல்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஜாக்கியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

மூன்றே பக்கம். திட்டு கிடையாது, சாபம் கிடையாது. எழுதியவர் யாரையும் கெட்டவன் என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறார்.

சின்னுசாமி சீட்டு வைத்திருந்தது இந்தப் பக்கத்தில்தான். இதைத்தான் அவர் எழுந்து நின்று வாசிக்க வந்தார்.

இப்போது போன ஞாயிறுக்கு வருகிறேன்.

"சுருக்கமா முடிச்சுக்கலாமுங்க," என்று ஆரம்பித்தார் ஈஸ்வரமூர்த்தி. "சின்னுசாமி அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவரு தெரியாம கொண்டாந்துட்டாரு."

"தெரிஞ்சுதானுங்க கொண்டாந்தேன்," என்றார் சின்னுசாமி.



லோகநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்ணா, இருவத்திரண்டு வருசம் ரிக்குல சம்பாரிச்சுத்தான ஊடு கட்டுனீங்க? அந்தத் தொழிலையே இப்பிடி அசிங்கப்படுத்துனா எப்பிடிங்ணா?"

"ஊடு கட்டுனது நெசந்தானுங்க லோகு. அதுல எழுதியிருக்கறதும் நெசந்தானுங்க."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "நெசமா பொய்யாங்கறது இல்லீங்க பிரச்சினை. ஒரு வட்டாரத்து ஜனங்களோட மனசு புண்படுது. அதத்தான் நாம பாக்கோணும்."

சகாயமேரி கையைத் தூக்கினார். அவர் நைட் டூட்டி முடித்துவிட்டு நேராக பஸ் ஏறி வந்திருந்தார். "ஒரு நிமிஷம் சார். அந்த எஸ்டேட் கதை படிச்சமே, அதுல முதலாளி ஒரு பொண்ணை அறைஞ்சானே... அன்னைக்கு எஸ்டேட்காரங்க மனசு புண்படும்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

"அது வேறம்மா," என்றார் வக்கீல். "அது கேரளா."

"அப்ப அடுத்த ஊர்க்காரன் தப்பு பண்ணா இலக்கியம். நம்ம ஊர்க்காரங்க பண்ணா மனசு. அப்படியா சார்?"

ஒரு டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சேலத்துக்காரங்களுக்கு இது புரியாதுங்கம்மா," என்றார் லோகநாதன். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சேலத்துக்கே புரியாத விஷயம்! இந்த லட்சணத்தில் நாங்கள் கேரளத்தையும் கர்நாடகத்தையும் புரிந்துகொள்ளக் கிளம்பியிருந்தோம்.

நான் விதியை ஞாபகப்படுத்தினேன். வேண்டாம் என்பதானால் அன்றைக்கே, மூன்று பக்கம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கேட்கவில்லையே?

"அதுக்குத்தானுங்க இன்னைக்குக் கூடியிருக்கறது," என்றார் ஈஸ்வரமூர்த்தி. கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் பத்திரிகையில் இருந்த காலத்தில் இதே மாதிரி பதில்களை நூற்றுக்கணக்கில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நோட்டில் இதையும் எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் சின்னுசாமி எழுந்தார்.

"வேண்டாம்னா வேண்டாமுங்க. புத்தகத்தத் திருப்பிக் குடுத்துக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் முறைக்கு மூணு பக்கம் படிக்கோணுமில்லீங்க? அத மட்டும் படிச்சுட்டு உக்காந்துக்கறேன். ஆறு நிமிசம் ஆகுமுங்க. ஊட்டுல மூணு நாள் படிச்சுப் பாத்தேன்."

ஆறு நிமிஷம். ஒரு மனிதர் ஒரு வருஷத்துக்கு மேல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன் முறைக்காகக் காத்திருந்து, தன் ஜனங்களிடம் கேட்டது மொத்தமே ஆறு நிமிஷம்தான். கூட்டத்தில் டீயும் பிஸ்கட்டும் வருவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஈஸ்வரமூர்த்தி கையைக் கூப்பியபடியே சொன்னார்: "அதான் வேண்டாம்ங்கறமுங்ணா. படிச்சுட்டா, அப்பறம் படிச்ச மாதிரி ஆயிப்போயிருமில்லீங்களா?"

இந்த வாக்கியத்தை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முழு மனசோடு சொன்னார்.

கை தூக்கச் சொன்னார்கள். வாங்கின இடத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்று பத்துக் கைகள். கூடாது என்று சகாயமேரியின் கை மட்டும். தன் விஷயம் என்பதால் சின்னுசாமி தூக்கவில்லை. சிரிப்பை அடக்கிய டீச்சர் தூக்கவில்லை. ஆனால் அவருடைய பிரதி ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது.

நானும் தூக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்காரன் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளக் கூடாது என்று எனக்கு நானே ஒரு பழைய விதியைச் சொல்லிக்கொண்டேன். அது விதி இல்லை, வசதி. அடுத்தவர்களைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் நானும் பெட்டியில் போட்டவர்களில் ஒருவன்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். கேரளத்தில் எங்கோ ஒரு மலையூரில், ஒரு மாடியில், இதே மாதிரி பதினாலு பேர் கூடியிருப்பார்களோ? அந்த எஸ்டேட் நாவலை மனசு புண்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நம் ஊர்க் கதை ஒன்றைப் படித்து, "எப்பேர்ப்பட்ட அக்கிரமம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்களோ? கர்நாடகத்திலும் ஒரு மாடி இருக்கும். அடுத்த ஊர் அக்கிரமத்துக்கு அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அழுது முடித்ததும் டீ குடிக்கலாம். சொந்த ஊர் அக்கிரமம் அப்படியா? அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். மச்சானாகவும் இருக்கும்.

கூட்டம் கலைந்தது. சகாயமேரி சேலம் பஸ் பிடிக்க நடந்தார். சின்னுசாமி தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார். நானும் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு பேக்கரி. மூன்று டீ சொன்னோம்.

"அண்ணா, இப்பப் படிங்க," என்றார் சகாயமேரி.

"இங்கயுங்களாம்மா?"

"இங்க யாரு கை தூக்கப் போறாங்க?"

சின்னுசாமி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எழுந்து நின்றார். உட்கார்ந்தே படிக்கலாம் என்றேன், கேட்கவில்லை. வரிக்குக் கீழே விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி, சத்தமாக வாசித்தார். கேக் வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க 'தாங்கிகள் உயர்ந்தன'ன்னு போட்டிருக்கறாங்க. ஜாக்கிங்க அது," என்று திருத்திவிட்டு மேலே படித்தார். ரோட்டில் டிப்பர் போகும்போதெல்லாம் காத்திருந்தார். ஆறு நிமிஷம் பதினொன்றானது. நடுவில் சேலம் பஸ் வந்து நின்று போனது. சகாயமேரி எழுந்திருக்கவில்லை.

முடித்துவிட்டு உட்கார்ந்தார். டீ ஆறிப் போயிருந்தது.

"இது நீங்க ஓட்டின வண்டியாண்ணா?" என்று கேட்டார் சகாயமேரி.

"தெரியாதுங்கம்மா. எழுதுனவர நான் பாத்ததில்ல. ஆந்திராவுல கதிரிப் பக்கம் இந்த மாதிரி ஊடு எத்தனையோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்களுக்கும் ஒரு ஊட்டுல கோழி அடிச்சாங்க. நானூறு அடியிலயே எனக்குத் தெரியுமுங்க. தூசியப் பாத்தாத் தெரிஞ்சு போயிரும். முதலாளி போடு போடுன்னாரு, போட்டேன். தின்னுட்டு வந்து ஜாக்கியத் தூக்குனது இந்தக் கைதானுங்க. அந்தம்மா வந்து, 'தின்னாரா அன்னா?'ன்னு கேட்டுச்சு. சாப்பிட்டீங்களான்னு கேக்குதுங்க. வேற எதையும் கேக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தின்னேன்னு சொன்னேன்."

"தண்ணி இல்லைன்னு... அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையாண்ணா?"

சின்னுசாமி புத்தகத்தை மூடினார். அட்டையில் வண்டி கம்பத்தை நிமிர்த்தி நின்றது.

"சொல்லியிருந்தா, இந்தப் புத்தகத்த நான் ஏனுங்கம்மா கொண்டாரப் போறேன்?"

நேற்று வாட்ஸ்அப்பில் அடுத்த மாதப் புத்தகம் அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியக் கோயில்களும் பலகாரங்களும் பற்றிய பயணக் கட்டுரைகள். நம்மூர்க்காரர் ஒருவரும் அதில் வரவில்லை என்று தலைவர் வரி வரியாகப் பார்த்து உறுதி செய்துவிட்டாராம்.

கிளப் தொடங்கிய நாளிலிருந்து, அட்டை முதல் அட்டை வரை அவர் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அதுதான் என்று நினைக்கிறேன்.